ஓட்டையை அடைக்கவில்லை

மேலகரம்,
8-7-1957

சிரஞ்சீவி காந்திமதிநாதனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதிப் பழகிய கை. இந்தத் தடவை வரவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன் வீட்டில் காய்ச்சல் விட்டது என்று படித்ததும் நிம்மதி. குழந்தையைக் கடல் காற்றில் அதிகம் தூக்கிக்கொண்டு அலையாதே. இங்கே ஆனி முடியப்போகிறது, சாரலைக் காணோம். குற்றாலத்தில் பெரிய அருவியில் வெறும் பாறைதான் தெரிகிறது. குளிக்க வந்த ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போகிறார்கள். நம் நாற்றங்காலும் வெளுத்துக்கொண்டு வருகிறது.

காரியத்துக்கு வருகிறேன். சுரண்டை ஞானதுரை கொண்டுவந்து கொடுத்த உன் அண்ணனின் பட்டாளத்து இரும்புத் தொப்பியைப் பற்றித்தான். பர்மாவில் அண்ணன் விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகவும், தொப்பியை மட்டும்தான் எடுத்துக்கொண்டு ஓட முடிந்தது என்றும், இத்தனை வருஷமும் நம் வாசலுக்கு வரத் தைரியம் இல்லை என்றும் அவன் என்னிடம் தனியாகச் சொன்னதை உனக்கு எழுதியிருந்தேன். அதற்கு நீ, குண்டு துளைத்த ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்து அம்மா கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று பதில் போட்டாய். பம்பாயில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். கோபித்துக்கொள்ளாதே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. இப்போது அவளுக்கு எல்லாம் விரல்தான். அரிசியில் கிடக்கும் கல் நமக்கு முன்னால் அவளுக்குத் தெரிகிறது. வலது காதுக்கு மேலே என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையைப் பெயிண்ட் எப்படி மறைக்கும்? பற்றவைத்து, அரம் போட்டு இழைக்க வேண்டும். அதனால் தென்காசியில் மூசா பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

மூசா திருப்பித் திருப்பிப் பார்த்தான். தீ காட்டினால் உள்ளே தலையைப் பிடிக்கிற தோல் பட்டை கருகிப்போகும், அதைப் பிய்த்து எறிந்துவிட்டுத்தான் பற்றவைக்க முடியும் என்றான். பிய்த்துவிடு என்றேன். பட்டையில் கை வைத்தவன் சட்டென்று எடுத்துவிட்டான். "அண்ணாச்சி, தோலுல முடி ஒட்டியிருக்கு, பாத்தியளா?" என்றான். எனக்கு அதுவரை உள்ளே பார்க்க மனம் வந்ததில்லை. பார்த்தேன். நாலைந்து முடி. உன் அண்ணன் தலைமுடி எப்படிச் சுருண்டு கிடக்கும் என்று உனக்குத் தெரியும். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தொப்பி வந்தது மட்டும் தெரிந்து, அம்மா தினமும் அதைக் கேட்கிறாள். துரு எடுக்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதற்கு ஒரே சண்டை. "துருவ எடுக்கச் சொன்னது யாரு? எம்பிள்ள வேர்வை அதுலதான இருக்கும்? அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவிய?" என்று பிடித்துக்கொண்டாள். எழுந்து வயலுக்குப் போய்விட்டேன்.

தொப்பியை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். உன் மதினி கண்ணில் படக்கூடாது என்பதுதான் எண்ணம். நெல் அளக்கிறவள் அவள்தான் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான் என் புத்தி.

ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்து பதிமூன்று வருஷம். அன்றிலிருந்து உன் அம்மா காலையில் மதினி சண்முகசுந்தரியின் கழுத்தையும் நெற்றியையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காப்பித் தம்ளரைத் தொடுகிறாள். தாலி இருக்க வேண்டும், பொட்டு இருக்க வேண்டும். அழுதால் அவனுக்கு ஆகாது என்று அந்தப் பெண்ணை ஒரு நாளும் அழ விட்டதில்லை. தந்தி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. நீயே கணக்குப் போட்டுக்கொள்.

முந்தாநாள் மதினி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அடைக்காண்டாம் மாமா. அத்தை கையில இப்படியே குடுங்க" என்றாள். பிறகு, "வருசா வருசம் சீசனுக்குக் குத்தாலம் போயி அருவிக்குள்ள நின்னு அழுதுட்டு வாரேன். அங்கனதான் சத்தம் வெளியே கேக்காது. இந்த வருசம் அதுலயும் தண்ணி இல்ல" என்றாள். ஈரத்தலையும் சிவந்த கண்ணுமாக அவள் திரும்பி வரும்போதெல்லாம் அருவித் தண்ணீர் அடித்தது என்றே நான் நினைத்திருந்தேன். மாமனார் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஆகவே அடைக்கப்போவதில்லை. துருவும் இருக்கட்டும், தோலும் இருக்கட்டும், ஓட்டையும் இருக்கட்டும். அப்படியே உன் அம்மா மடியில் வைக்கப்போகிறேன். அவள் என்ன ஆவாளோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்தி தாங்கமாட்டாள் என்று இன்னொருத்தியை இத்தனை வருஷம் தாங்க வைத்தாயிற்று.

நீ வர வேண்டும். பிள்ளைக்கு அப்பன் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தம்பி கைதான் வேண்டும். ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாகவே வா. நீ அம்மா பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தொப்பியை எடுப்பேன். ஊர்ப் பெண்கள் கூடி மதினியின் தாலியை இறக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவளே கழற்றி வைக்கட்டும். வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே, நாலு பேர் கேட்க, வாய்விட்டு அழட்டும். லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

கடைசியில் உன்னைத் தீர்க்காயுசாக இரு என்று வாழ்த்த வேண்டும். உன் அண்ணனுக்குப் போட்ட ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தான் எழுதினேன். உனக்கு அதை எழுதக் கூசுகிறது. எனக்குக் கொள்ளி வைக்க நீ இரு, ராசா. அது போதும்.

இப்படிக்கு,
அப்பா
வல்லிநாயகம்