முதலில் உங்கள் பை

அன்புள்ள டீச்சர்,

நேற்று கண்டியில் ஒரு வங்கி வாசலில் காவலாளி பையைக் காட்டச் சொன்னார். திறந்து காட்டியிருந்தால் போதும். நானோ குடையை எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு கண்ணாடிக் கூடு, பிறகு சாப்பாட்டுப் பெட்டி, பிறகு பேனை என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். போதும் போதும் என்று அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிடாத குறை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு வந்த சிரிப்பில் வங்கிக்குப் போன வேலையே பாதி மறந்துவிட்டது. நீங்கள் காலமாகி ஒரு வருடமாகிறது. இந்தப் பழக்கத்தை எனக்குத் தொற்ற வைத்தது நீங்கள்தான் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

யுத்த காலம். எங்கள் கண்டிப் பாடசாலை வாசலில் மேசை போட்டு, பெற்றோர் முறைவைத்துப் பிள்ளைகளின் பைகளைச் சோதித்த நாட்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நான் படிப்பித்த வகுப்பிலிருந்த ரேவதிக்கு ஒவ்வொரு காலையும் நரகம். இன்று ஒரு முகம், நாளை வேறொரு முகம். தெரியாத கை தன் பைக்குள் நுழைவதை அவளால் தாங்க முடியாது. முதலில் ‘ம்ம்ம்’ என்று முனகுவாள். அடுத்தது அலறல். தரையில் விழுந்து தலையை மோதுவாள். ஓட்டிசம் என்ற சொல்லை அப்போது நீங்களும் நானும் கேள்விப்பட்டதே இல்லை. மஹய்யாவ பக்கமிருந்து அவளைக் கூட்டிவரும் தாய், “புள்ள சும்மா கத்தல டீச்சர், அவளுக்கு என்னமோ செய்யுது” என்பார். பிடிவாதம் என்றேன் நான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன்.

பக்கத்து வகுப்பு டீச்சரான நீங்கள் நாலு நாள் வாசலில் நின்று பார்த்தீர்கள். ஐந்தாம் நாள் உங்கள் பையைக் கொண்டுவந்து அந்த மேசையில் வைத்தீர்கள். “ரேவதி, இண்டைக்கு என்ட பேக்க நீங்க பாருங்க.” குடை, கண்ணாடிக் கூடு, சாப்பாட்டுப் பெட்டி, பேனை. அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, கடைசியில் “சரி” என்றாள். பிறகு தன் பையைத் தானே திறந்து, தன் சாமான்களைத் தானே எடுத்து வைத்தாள். முறைக்கு வரும் தாய்மாரிடம், “கையப் போட வாணாம், பாத்தா போதும்” என்று நாள்தோறும் சொல்லிவைத்தீர்கள்.

வெயில் கொளுத்திய ஒரு நாள் நீங்கள் குடையை மறந்துவிட்டு வந்தீர்கள். குடை மேசைக்கு வரும்வரை ரேவதி அசையவில்லை. என் குடையைப் பறித்துக்கொண்டு ஓடினீர்கள். அது பூப்போட்ட குடை, உங்களுடையது கறுப்பு. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு இன்னும் பத்து நிமிடம் தேவைப்பட்டது. சில நாட்களில் என் பையும் சோதனைக்கு வந்தது. பிள்ளைகளின் திருத்தாத கொப்பிக் கட்டைத் தூக்கி, “இது நேத்தும் இருந்துச்சு, முந்தாநேத்தும் இருந்துச்சு” என்று அதிபர் பக்கத்தில் நிற்கும்போதே அறிவித்தாள். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மதிலைப் பார்த்து நின்றீர்கள். அன்று முழுக்க உங்களோடு நான் பேசவில்லை.

ஆனாலும் ஒரு நாள், முறைக்கு வந்த ஒரு தகப்பன் அவசரத்தில் அவள் பைக்குள் கையை விட்டுவிட்டார். அன்றைய அலறல் தெருவரை கேட்டது. அதிபர் என்னை அழைத்தார். “வகுப்பாசிரியர் நீங்க எழுதித் தந்தா பிள்ளைய நிப்பாட்டிரலாம்” என்றார். இனி வருவதை நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் எழுதினேன், டீச்சர். இந்தப் பிள்ளையை வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது என்று அழகான கையெழுத்தில் எழுதி, உறைக்குள் போட்டு, மேலே அவள் பெயரையும் எழுதினேன்.

அதைக் கொடுக்கக் கொண்டுபோன காலையில் வாசலில் பெற்றோருக்குப் பதில் பொலிஸ் நின்றது. குண்டு வைத்திருப்பதாக யாரோ தொலைபேசியில் மிரட்டியிருக்கிறார்கள். கெலிஓயாவிலிருந்து வரும் உங்கள் பஸ்ஸைப் பேராதனைச் சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். ஒரு பொலிஸ்காரப் பெண் ரேவதியின் பையை நோக்கிக் கையை நீட்டினாள். ‘ம்ம்ம்’ தொடங்கிவிட்டது. அதிபர் என்னைப் பார்த்தார். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததால், பொலிஸைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நடப்பவள் நான்.

வேறு வழி தெரியாமல் என் பையை மேசையில் திறந்தேன். ரேவதி முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்தாள். உறை வந்தது. “இது நேத்து இல்ல” என்றாள். திருப்பிப் பார்த்தாள். “இதுல எம் பேரு இருக்கு.”

அவள் அதை என்னிடம் நீட்டியபடி நின்றாள். கோபமில்லை, கேள்வியுமில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. வாங்கி நாலாகக் கிழித்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன். “இப்ப?” என்றேன். “சரி” என்றாள். உடனே பொலிஸ்காரியின் தோளில் தொங்கிய பையைக் காட்டி, “அவங்க?” என்றாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. என் அரைகுறைச் சிங்களத்தில், முதலில் உங்கள் பையைத் திறந்து காட்டுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்தாள். ஒரு சீப்பு, பவுடர் டப்பா, இரண்டு தேசிக்காய், ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. ரேவதி காலுறையை மட்டும் இரண்டு தரம் பார்த்துவிட்டு, “சரி” என்றாள். தன் பையைத் திறந்தாள். பொலிஸ்காரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

அதிபர் அந்தக் கடிதத்தைக் கேட்டபோது, “நான் எழுதேல்லை சேர், எழுதவும் மாட்டன்” என்றேன். ரேவதி எங்களிடம் இன்னும் ஐந்து வருடம் படித்தாள்.

நீங்கள் ஒன்பது மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தீர்கள். நடந்ததைக் கேட்டுக் கதிரையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னீர்கள். “வாசல்ல நீங்க ஈக்கிறீங்க தானே, அதால பஸ்ஸுக்குள்ள நான் பயப்படவே இல்ல.”

கிழித்த தாள் அப்போதும் என் கைக்குள்தான் கசங்கிக் கிடந்தது. அன்று காலை ஏழரை மணிவரை அந்த நம்பிக்கைக்கு நான் உரியவள் அல்ல, டீச்சர். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் உரியவளாக இருக்கப் பார்க்கிறேன்.