தர்மிளாவின் புள்ளி

வவுனியா
2001 மாசி

இஞ்சாருங்கோ,

இந்தக் கடிதம் கனகராயன்குளத்துக்கு வந்து சேர எத்தனை கிழமை எடுக்குமோ தெரியாது. ஆனாலும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

இங்கே வளாகத்தின் கணினித் துறையில் என்னிடம் செய்முறை படிக்கிற தர்மிளாவைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பழனியாண்டியின் மகள். பரீட்சையன்று வவுனியாவில் தங்குவதற்கான அவளுடைய பாஸில் ஏதோ பிழையென்று இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்து வைத்துவிட்டார்கள். அவள் ஓடி வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. அவளை மத்தியானம் தனியே இருத்தி, வேறு வினா கொடுத்துச் செய்வித்தேன். நன்றாகவே செய்தாள்.

துறைத் தலைவர் புள்ளிகளைப் பார்த்துவிட்டுச் சீறினார்.

“பிந்தி வந்தவளுக்குப் பூச்சியம் போடும்.”

“அவள் பிந்தேல்லை சேர், ஆமிதான் மறிச்சது.”

“உம்மட வேலை தற்காலிகம் எண்டது ஞாபகம் இருக்கோ?”

“ஓம் சேர். அதுக்காகப் பொய்ப் புள்ளி போடமாட்டன்.”

அவரே பேனையை எடுத்துப் பூச்சியம் போட்டார். மேடை மேடையாக நீதி பேசுகிற மனிதர்! நான் விடவில்லை. அவளுடைய விடையை எடுத்துக்கொண்டு பீடாதிபதியிடம் போனேன். இன்று அந்தப் பூச்சியத்தை வெட்டிவிட்டார்கள். தர்மிளா பரீட்சையில் சித்தி.

பின்னேரம் அவள் வந்து, “அடுத்த வருசமும் நீங்கள்தானே மிஸ் படிப்பிப்பீங்கள்?” என்று கேட்டாள்.

“வடிவாப் படி” என்று மட்டும் சொன்னேன்.

மாத முடிவோடு என்னுடைய நியமனம் முடிகிறது; நான் வீட்டுக்கு வரக்கூடும். குசினிக் கூரையை வேய்ந்து வையுங்கோ. மாமி கேட்டால் லீவு என்று சொல்லுங்கோ.

கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் மனைவி