நெயில் பாலிஷ் கோடு வரைக்கும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்
என் மனைவி கன்னிகாவுக்கு நாளை திருப்பதியில் வயிற்று ஆபரேஷன். துணைக்கு அவள் அக்கா. மருந்து காரணமாகத் தாய்ப்பால் கூடாது என்று டாக்டர் பவுடர் எழுதிக்கொடுத்தார். மூன்று மாத மகள் அக்ஷயாவோடு நான் சத்தியவேடு வீட்டுக்கு வந்துவிட்டேன். பால் கொடுத்த நேரத்தைக் குறிக்கச் சொன்னார்கள். எழுதினால் புலம்பல்தான் வருகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்
டின்னெல்லாம் எறும்பு. பவுடரை எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, டின்னைக் குப்பை வண்டியில் போட்டேன். வண்டி போன பிறகுதான் — ஐயோ, அளவு ஸ்பூன்! மூடிக்குள் மாட்டியிருந்ததே. அறிவிருக்காடா யோகேஷ் உனக்கு?

ஒரு ஸ்பூனுக்கு முப்பது மில்லி தண்ணீர். அது நினைவிருக்கிறது. ஆனால் ஸ்பூன் எவ்வளவு பெரியது?

இங்கே மெடிக்கல் ஷாப்பில் அந்தப் பவுடர் இல்லை. வேறு டின் ஸ்பூனைக் கேட்டேன். "கம்பெனிக்கு ஒரு சைஸ் சார், மாத்திப் போடாதீங்க." பக்கத்து வீட்டு சுலோசனாக்கா டீஸ்பூனைக் காட்டி, "இதி சாலு தம்முடு," இதுவே போதும் என்றார். மாடி வீட்டு பழனி அண்ணனோ, "சாப்பாட்டு ஸ்பூன்ல கோபுரமா போடுப்பா, புள்ள தேறும்." இருவருமே பிள்ளை வளர்த்தவர்கள். யாரை நம்புவது?

கோபுரமாகத்தான் போட்டேன். அம்மா பக்கத்தில் இல்லாத குழந்தை, பசியோடு இருக்கலாமா?

ஆகஸ்ட் 8, வெள்ளி
கன்னிகா போன். "வலி பரவால்ல மாமா. பாப்பா குடிக்குதா?"
"குடிச்சிக்கினே இருக்குது."
ஸ்பூன் போனதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
பாப்பா மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. முக்கி முக்கி முகமே சிவந்துவிட்டது. பவுடர் ஜாஸ்தியா? இல்லை, ஒத்துக்கொள்ளவில்லையா? ஒன்றுமே புரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்
காலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கோபுரக் கதையைக் கேட்டு நர்ஸம்மா பிடிபிடியென்று பிடித்தார். "பவுடர் ஜாஸ்தி, தண்ணி பத்தல. கொயந்த உடம்பு தாங்குமாய்யா? நல்ல வேளை, இப்பவாச்சும் வந்த."

பவுடர் வாங்கிய திருப்பதி கடைக்குப் போன் போட்டேன். புதுச் சரக்கு வர நாலு நாளாகுமாம்; டின் படத்தை மட்டும் அனுப்பினார்கள். தலைதட்டி ஒரு ஸ்பூன், நாலரை கிராம். நாலரை கிராமை நான் எதில் நிறுப்பேன்? ஸ்ரீ சிட்டி கம்பெனியில் நான் முடுக்கும் ஸ்க்ரூவுக்கெல்லாம் அளவு இருக்கிறது, என் மகள் பாலுக்கு இல்லை.

சட்டென்று தோன்றியது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பவுடர் டப்பாவும் ஸ்பூனுமாகக் கங்கையா நகைக்கடைக்குப் போனேன்.
"இன்னாப்பா, வெள்ளியா?"
"பால் பவுடர்ண்ணா."
அவர் சிரிக்கவில்லை. தராசில் தாளை விரித்தார். என் கோபுர ஸ்பூன் ஒன்பது கிராம். சரியாக இரண்டு பங்கு! ஐந்து நாளாக! கடையிலேயே அழுதுவிட்டேன்.

நாலரை கிராம் நிறுத்து மடித்துக் கொடுத்தார். வீட்டில் இருமல் மருந்து மூடியை வெந்நீரில் கழுவி, காயவைத்து, அதில் கொட்டினேன். பவுடர் நின்ற மட்டத்தில், மூடியின் வெளிப்பக்கம், கன்னிகாவின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
பதினொன்றரை மணிக்கு வெளிக்குப் போனாள்! மூன்று துணி நாசம். துவைக்கும்போது பாட்டுப் பாடினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
கன்னிகா வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை.

இனி தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாரோடு சேர்த்துப் பார்த்தாள். பால் வற்றியிருந்தது. அக்ஷயா முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறினாள். கன்னிகாவும் அழுதாள். நான் வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மூடியைக் கையில் எடுத்தாள்.
"எத்தினி போடணும் மாமா?"
பெற்றவள் என்னைக் கேட்கிறாள். பதில் சொல்லவே எனக்குக் கூசியது.
"கோடு வரைக்கும்," என்றேன்.