ஆறப்போட்ட புல்

மாமாவுக்கு,

கால் வலி குறைந்ததா? இங்கே நடந்ததைப் போனில் சொன்னால் காலில் கட்டோடு எழுமலைக்குக் கிளம்பி வந்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதி, மதுரை ஆஸ்பத்திரிக்கு வரும் அழகுபாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

புஞ்சையை நான்காகப் பிரித்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றதை ஆறப்போட்டு வந்தோமே, அதில் கடைசித் துண்டில் மட்டும் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றது. மற்ற மூன்றும் மழையில்லாமல் துளிர்க்கவே இல்லை.

நேற்றுக் காலையில் பக்கத்துப் புஞ்சை ஒச்சாயி அத்தை, எலும்பு தெரியும் பசுவோடு வந்து நின்றார்.

“ஏத்தா, எம்மாடு மட்டும் ஒரு வாய் மேஞ்சுட்டு வந்துரும். படலைத் தொறந்துவிடு.”

“எங்க மாடும் இதத்தான் நம்பியிருக்கு அத்தை.”

அவர் பசுவின் கழுத்தைத் தடவியபடி அங்கேயே நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை. திறந்துவிட்டேன்.

அதைக் கண்டு ஊர் மாடெல்லாம் வந்துவிட்டது. குறுக்கே போய் நின்றேன். “அந்த மாட்டுக்கு மட்டுந்தான் வயிறா?” என்று ஓட்டி வந்தவர்கள் கேட்டார்கள். ஒதுங்கி வழிவிட்டேன். பொழுது சாய்வதற்குள் வேரோடு மேய்ந்து தீர்த்துவிட்டன.

இன்று அவிழ்த்துவிட்டதும் நம் மாடுகள், இடம் மாறும் நாள் என்று தெரிந்து, தாமாகவே அந்தப் படல் முன் போய் நின்றன. உள்ளே விட்டேன். மண்ணை மோந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

மாட்டுத் தரகர் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஊரில் இல்லை என்றேன். இருக்கட்டும் என்கிறார். உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மாமா. அதை எழுத முடியவில்லை.

உங்கள் வீட்டுக்காரி