ஆறு மணிவரை கதவைத் திறக்காதே

காமு,

கரப்பானுக்குப் புகை டப்பா வைத்திருக்கிறேன். ஆறு மணிவரை கதவைத் திறக்காதே. அதன்பிறகும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே நில். கேஸை மூடிவிட்டேன், சாமி விளக்கையும் அணைத்துவிட்டேன்.

புகை வரும் என்று சொல்லிவைக்க மாடி வீட்டு துர்காவிடம் போனேன். "இன்னியோட பையன் வீட்டுக்கே குடி போறீங்களாமே சார்? மாமி சொன்னாங்க" என்கிறாள். என்னிடம் "அவன் வீட்டுல சாயங்காலம் வரைக்கும்தான்" என்றாய். நீ கட்டிவைத்த பெட்டியைத் திறந்தால், மே மாதத்தில் என் ஸ்வெட்டர்!

நேற்று ஒரு கரப்பான் என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தது. என்னைப் பார்த்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டது. அதுகூட என்னிடம் எதையும் மறைக்கவில்லை.

ஏரிக்கரையில் இருக்கிறேன்.
கிட்டு

பி.கு.: என் துணிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. நான் வரவில்லை என்று நம் பையன் ஹேமநாத்திடம் நீயே சொல். எனக்குத் தெரியாமல் அவனிடம் பேச உனக்குத்தான் வரும்.