மருமகன் வீட்டுத் தூக்கம்

மாமா,

இன்று சாயங்காலம் என் மருமகன் உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வந்தான். மகள் அதைத் தட்டிப்போட்டுக் காபி கலந்ததும், நீங்களே உள்ளே வந்து நின்றமாதிரி வீடெல்லாம் ஒரே மணம். ராத்திரி தூக்கம் வராது, வேண்டாம் என்றேன். "கருப்பட்டிக் காபிதான மாமா, ஒண்ணும் செய்யாது" என்கிறான் அவன். குடிக்காமலே எனக்குப் புரையேறிவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் உங்கள் மகளும் இங்கே மகள் வீட்டோடு வந்துவிட்டோம். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. விடிய விடிய விழித்துக் கிடக்கிறவனுக்கு உங்கள் நினைப்பு வராமல் யார் நினைப்பு வரும்?

பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற ஆள் நீங்கள். உடன்குடியிலிருந்து ஓலைப்பெட்டியும் கையுமாக வருவீர்கள், நாற்காலி நுனியில் உட்காருவீர்கள், கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிடுவீர்கள். அத்தை போனபிறகு வேறு வழியில்லாமல் எங்களோடு தங்க வந்தீர்கள். தூக்கம் மட்டும் உங்களோடு பஸ் ஏறவில்லை.

அதற்கு நீங்கள் சொன்ன காரணங்கள் கொஞ்சமா? துறைமுகத்துக் கப்பல் ஊதுகிறது என்றீர்கள். உப்பளத்துக் காற்று ஆகவில்லை என்றீர்கள். தலைமாடு சரியில்லை என்று கட்டிலைக் கிழக்கும் தெற்குமாகத் திருப்பினீர்கள். அதில் இடித்து இடித்து உங்கள் மகளுக்கு முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் இரண்டு மணி நேரம் வாய் பிளந்து கிடப்பீர்களே, அது என்ன என்று கேட்டால், கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன் என்பீர்கள். ஃபேன் போடுவதற்குக்கூட என்னிடம், "போட்டுக்கிடட்டுமா மாப்ள?" என்று கேட்டீர்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பகல் தூக்கம், மனக்கவலை, இடம் மாறியது, இருட்டியபின் குடிக்கிற காபி, டீ என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். காபியைத் தொடுவதே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். சரி, படுக்குமுன் என்னதான் குடிப்பீர்கள் என்று கேட்டார் அவர். செம்பு நிறையக் கருப்பட்டிக் காபி என்றீர்கள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீனி போட்டாத்தான் காபி, டாக்டரம்மா. கருப்பட்டி போட்டா அது மருந்துல்லா."

ஆயுசு முழுக்கக் கருப்பட்டி விற்றவர் சொல்கிறார். எனக்கும் அதுவரை அது காபிக் கணக்கில் சேர்ந்ததில்லை, மாமா. நம்மூரில் யாருக்குத்தான் சேர்ந்தது?

செம்பை நிறுத்தினோம். பகல் தூக்கத்தையும் நிறுத்தினோம். அப்போதும் தூக்கம் வரவில்லை. வீட்டுக்குள் நடமாடினால் மாப்பிள்ளை முழித்துக்கொள்வாரே என்று, விடியுமுன்னே பூனை மாதிரி கதவைத் திறந்து துறைமுக ரோட்டில் நடக்கப் போனீர்கள். ஒருநாள் கண் சொருகி, கன்டெய்னர் லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டீர்கள். டிரைவர் பிரேக் அடித்து, கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டுப்போனார். எனக்கு அந்தப் பயத்தில் மாமனார், மரியாதை எல்லாம் பறந்துபோயிற்று.

"ஒமக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? நடக்கணும்னா வீட்டுக்குள்ள நடக்க வேண்டியதுதான? ஒமக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நாங்க என்ன செய்ய?"

தெருவே கேட்டிருக்கும். உங்கள் மகள் கரண்டியும் கையுமாக வெளிறிப்போய் நின்றாள். அப்பா இன்றே பெட்டியைக் கட்டிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன். நீங்களோ ராத்திரி சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தீர்கள்.

மறுநாள் வெயில் ஏறியும் நீங்கள் எழுந்திருக்கவில்லை. உங்கள் மகள் பதறிப்போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். அந்த விரலைத் தள்ளிவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தீர்கள். எழுந்து வந்தவர் என்னைக் கேளாமலே ஃபேனைப் போட்டீர்கள். என் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

"இத்தன நாளும் விருந்தாளி மாதிரில்லா வச்சிருந்தீரு. நேத்துத்தான்டே வீட்டாள ஏசுற மாதிரி ஏசின."

அதோடு 'மாப்ள' போயிற்று, 'ஏலே' வந்தது. கடைசிவரை நீங்கள் தூங்கினீர்கள். உங்கள் குறட்டையில் நாங்கள்தான் விழித்திருந்தோம். நீங்கள் போனபிறகு அந்தச் சத்தம் இல்லாமல் நான் எத்தனை ராத்திரி தவித்தேன் என்று உங்கள் மகளுக்குத் தெரியும்.

என் மருமகன் தங்கமான பிள்ளை, மாமா. குரல் உயர்த்தியதே கிடையாது. நானும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். ஈரத்துண்டை அவன் சட்டைமேல் போட்டேன். அவன் வண்டியை எடுத்துப்போய்ச் சுவரில் உரசிக்கொண்டு வந்தேன். நேற்று வேண்டுமென்றே யாரிடமும் சொல்லாமல் கடற்கரைக்குப் போய், இருட்டியபிறகு திரும்பினேன். வாசலிலேயே நின்றிருந்தான். இன்றைக்கு ஏசிவிடுவான் என்று ஆசையாகப் பக்கத்தில் போனேன்.

"பரவாயில்ல மாமா, நீங்க உள்ள வாங்க" என்கிறான். நான் எப்படித் தூங்குவேன்?