சக்கரங்களுக்கு ஊற்றிய தண்ணீர்

என் அருமை அப்பா,

இல்லை, லொறியை இன்னும் விற்கவில்லை. விற்கப் போகிறேன் என்று அம்மாதான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒருவர் வந்து, மாட்டின் பல்லைப் பார்க்கிறவர் போல முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டும் போனார். நான் மாட்டேன் என்றேன். அப்போது அதற்குக் காரணம் உங்கள் மேல் இருந்த அன்பு. இப்போது காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வீடு அம்மாவுக்கு. தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி வேலை சித்தப்பாவுக்கு. லொறி எனக்கு. ஏன் எனக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் சொல்லவில்லை. கொழும்பில் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு, பத்து வருடம் ஓடித் தேய்ந்த லொறியை எந்தத் தகப்பன் விட்டுப் போவான்? யோசித்துப் பார்த்தீர்களா, அல்லது அதுவும் ஒரு மூட்டைதானா, யார் தலையிலாவது இறக்க வேண்டிய மூட்டை?

முதல் மாதம் முழுக்கப் பதுளைக் கடைத்தெருவில், காசிம் நானாவின் பட்டறையில் கழிந்தது.

"இது லொறி இல்ல மக, கெழட்டு எரும," என்றார். "தடவிக் குடுத்தா நடக்கும். அதட்டினா படுத்துக்கும்."

முன்னால் கம்பியைச் சுழற்றிக் கிளப்புவதை அவர்தான் காட்டினார். பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், கம்பி திருப்பி அடிக்கும்போது கை முறிந்துவிடும். எனக்கு முறியவில்லை, வீங்கியது. காலுக்கு மூன்று மிதி: இடது ஓடுவதற்கு, நடுவில் உள்ளது பின்னால் போவதற்கு, வலது நிறுத்துவதற்கு. அவற்றோடு சேர்ந்து உள்ளே மூன்று பட்டிகள். தேயும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய, இருக்கைப் பலகையைத் தூக்கி, கீழே உள்ள தாங்கிக்குள் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும்.

அம்மா என் நகங்களைப் பார்த்தாள். "கொழும்புல இதத்தான் படிச்சியா? மாப்ள வீட்டுக்காரங்க வந்தா கையப் பின்னால கட்டிக்க."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது அப்பா. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு திருகாணியையும் கழற்றித் துடைக்கும்போது உங்கள் கை இங்கே இருந்திருக்கும் என்று நினைத்தேன். வெயில் நாளில் முற்றத்தில் நிறுத்தி, மரச் சக்கரங்களுக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றுவதை நினைத்தேன். ஆரக்கால்கள் காய்ந்தால் கழன்று ஆடும். "தாகம் எடுக்குது பாரு அதுகளுக்கு," என்பீர்கள். நான் செம்பில் மொண்டு கொடுப்பேன். சக்கரத்துக்குத் தாகம் எடுக்கும் என்று தெரிந்த ஒரு மனிதரின் மகள் நான் என்று எனக்கு அப்போது ஒரு கர்வம்.

பின்கதவையும் துடைத்தேன். கனமான தாழ்ப்பாள். வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. அரிசி மூட்டை விழாமலிருக்க என்று எடுத்துக்கொண்டேன். துருவைத் தேய்த்தேன். எண்ணெய் விட்டேன். ஒற்றை விரலால் தள்ளினால் ஓடுகிற அளவுக்கு.

போன மாதம் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு முதல் தடவையாக நானே போனேன். நமுனுகுலை மலை அடிவாரத்தில், ஏற்றத்தின் மூன்றாவது முடக்கு வளைவில் லொறி நின்றது. குச்சியை விட்டுப் பார்த்தேன், நாலு விரல் பெற்றோல் இருந்தது. கம்பியைச் சுழற்றினேன். இருமியது, ஓடியது, பத்து அடி ஏறியது, மறுபடி நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நின்றேன்.

கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஏழெட்டுப் பேர் குறுக்குப் பாதையில் இறங்கி வந்தார்கள்.

"ஏன்டி, கங்காணி மக லொறிய ஓட்டுறாங்களா, லொறி அவுங்கள ஓட்டுதா?"

"சும்மா இருடி, படிச்சவுங்க. இங்கிலீசுல ரெண்டு வார்த்த ஏசுனா கெளம்பிரும்."

நானும் சிரித்தேன். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. லொறியைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். கிட்டே வரவில்லை, இரண்டு முழம் தள்ளியே நின்றாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"திருப்பிக்கிட்டு ஏத்துங்கம்மா. மூஞ்சி கீழ, முதுகு மேல. பின்னாலயே போனாத்தான் இது ஏறும்."

வேறு வழியில்லை, அப்படியே செய்தேன். நடு மிதியை மிதித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு. ஏறியது. பெற்றோல் தாங்கி இருக்கைக்குக் கீழே இருக்கிறது. மூக்கு மேலே நிமிர்ந்தால் பெற்றோல் எஞ்சினுக்கு வழிந்து போகாது, மூக்கு தாழ்ந்தால் வழியும். இந்தக் காரணமெல்லாம் எனக்கு அப்புறம்தான் பிடிபட்டது. அவளுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

லொறி மேலே நின்றதும் அவள் நடந்து வந்து சேர்ந்தாள்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நாங்கதானேம்மா உள்ள இருந்தோம்."

மற்றப் பெண்களும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார்கள். "வாடி அங்கம்மா, கொழுந்து நிறுவைக்கு நேரமாச்சு," என்று ஒருத்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அங்கம்மா போகவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் மறந்திருக்கக்கூடும்.

"மொனராகலப் பக்கம் எங்கண்ணங்கிட்ட போயிட்டோம்மா. துண்டு இல்லாம. தோட்டத்த விட்டுப் போகத் துரை துண்டுச் சீட்டு குடுக்கணும்ல அப்பல்லாம். நாலாம் நாளே ஒங்க அப்பா வந்துட்டாரு."

"அடிச்சாரா?"

"சே, இல்லம்மா. அவரு கை ஓங்க மாட்டாரு. ஏறுங்கன்னாரு. ஏறுனோம். சாத்துனாரு. பசறையில ஓடகிட்ட நிறுத்துனாரு. வாளிச் சத்தம் கேட்டுச்சு. எங்களுக்குத்தான்னு நெனச்சோம். மவனுக்கு அப்ப ரெண்டு வயசு, நாக்கு ஒட்டிப் போயி கெடக்குறான். சளக்கு சளக்குன்னு ஊத்துற சத்தம். பலக இடுக்குல பாத்தா, சக்கரத்துக்கு ஊத்துறாரு. நாலு சக்கரத்துக்கும்."

அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அப்புறம் பின்னாலயே ஏறுச்சு. ஓட்டுறவருக்குக் கீழ இருக்கிற ரோடுதான் தெரியும். எங்களுக்குத்தான் மொதல்ல எங்க லயத்து வீடு தெரிஞ்சுது."

அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா, அன்றிலிருந்து உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பீர்கள். துரை சொன்னார். அப்போதைய சட்டம் அப்படி. நான் போகாவிட்டால் தடியோடு வேறு யாராவது போயிருப்பான். சரி. ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் கொடுக்காதே என்று எந்தத் துரை சொன்னார்? எந்தச் சட்டத்தில் அது இருந்தது? வாளி உங்கள் கையில் இருந்தது. ஓடை பக்கத்தில் ஓடியது. கதவு இரண்டு அடி தூரம்.

மறந்துவிட்டீர்களா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொடுமைக்காரராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் வெறுமனே மறந்திருப்பீர்கள். சக்கரம் ஞாபகம் வந்திருக்கும். பிள்ளை வந்திருக்காது.

என்னை ஒரு நாளும் லொறியில் அந்த மலைக்குக் கூட்டிப் போகவில்லை நீங்கள். குலுக்கும் என்பீர்கள். பதுளைக்குள் ஒரு சுற்று, அதோடு இறக்கிவிடுவீர்கள். தோட்டத்துத் திருவிழாவுக்கு எனக்கு மாட்டு வண்டியில் மெத்தை போட்டு அனுப்பினீர்கள். அதைப் பாசம் என்று எண்ணி இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

மனிதச் சுதந்திரம் என்ற தலைப்பில் கல்லூரியில் நான் எழுதிய கட்டுரை ஞாபகமிருக்கிறதா? பரிசு கிடைத்தது என்று தெரிந்ததும், தபால் கந்தோர்க்காரரைப் பிடித்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டீர்களாம். கண் கலங்கினீர்களாம். அந்த வாரம் லொறி எங்கே போய் வந்தது அப்பா?

கேட்டுக்கொண்டே போகலாம். நேற்று சித்தப்பா வந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார்.

"பாப்பா, அடுத்த வாரம் ஒரு நாளைக்கு லொறி வேணும்."

"எதுக்கு சித்தப்பா?"

"கருப்பையா குடும்பம் கெளம்புது. அதான், அந்த அங்கம்மா புருசன். மறுபடியும் மொனராகலைக்காம். ஒரு மாச நோட்டீசு குடுத்துட்டானாம், அது நாளைக்கு முடியுதுன்னு சட்டம் பேசுறான். போகட்டும். ரெண்டு நாள் விட்டுப் போயி அள்ளிக்கிட்டு வந்துரலாம். அண்ணன் இருந்தப்ப அப்படித்தானே."

"துண்டெல்லாம் ஒழிஞ்சு போச்சே சித்தப்பா. நோட்டீசு குடுத்தா போகலாம்னுதானே சட்டம்."

"சட்டம் கொழும்புல மாறும். நமுனுகுலைக்கு ஏறி வர நாளாகும்," என்று சிரித்தார். பிறகு, பாராட்டுகிற குரலில்: "தாழ்ப்பாளுக்கு எண்ணெ விட்டிருக்கியாமே? காசிம் சொன்னான். நல்லா ஓடுதாம்."

அம்மா அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குத் தெரியுமா அப்பா? நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. உங்களிடம் கேட்பது சுலபம்.

இன்று காலை தோட்டத்துக்குப் போனேன். அங்கம்மா லயத்து வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு எட்டு வயது இருக்கும். அவன் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

நாளைக்கு லொறியில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். நான் கொண்டு போகிற இடத்துக்குப் போய் அள்ளிக்கொண்டு வர, சித்தப்பாவுக்கு இந்த லொறி கிடைக்காது என்றும் சொன்னேன்.

"அந்த லொறியிலயாம்மா?" அங்கம்மா சிரித்துவிட்டாள். "காலு இருக்கும்மா எங்களுக்கு."

"தாழ்ப்பாள எடுத்துர்றேன்."

"ஒங்க அப்பாவும் நல்லாத்தாம்மா பேசுவாரு." முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். "கண்ணால பாத்தா ஏறுறேன்."

'ஒங்க அப்பாவும்' என்று அவள் தொடங்கிய அந்த வாக்கியத்துக்காக நான் உங்களை மன்னிக்க மாட்டேன். என் குரலில் அவளுக்கு உங்கள் குரல் கேட்கிறது. லொறியோடு சேர்த்து எனக்கு இதையும் விட்டுப் போயிருக்கிறீர்கள்.

பகல் திரும்பி வந்து காசிம் நானாவிடம் இரும்பு அறுக்கும் வாள் கேட்டேன். எதற்கு என்று சொன்னதும் அவர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார்.

"நான்தான் பொருத்தின மக. ஆடு ஏத்த எண்டு சொன்னாரு ஒங்கட அப்பா. நான் வேற கேக்கல்ல." பிறகு, "குடுங்க, நானே அறுக்கிறன்."

"இல்ல நானா. எண்ணெ விட்டது நான்."

நானே அறுத்தேன். எண்ணெய் விட்ட இரும்பில் வாள் வழுக்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு இருவருமாக உட்கார்ந்து பிரேக் பட்டியைக் கழற்றிப் புதிது போட்டோம். மொனராகலை வரை இறக்கம். உயிர்கள் ஏறுகிற வண்டி.

இந்த லொறியை நான் விற்க மாட்டேன். விற்றால் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். வைத்திருப்பேன், துடைப்பேன், பட்டி மாற்றுவேன், கம்பியைச் சுழற்றுவேன். தானாக விரும்பாத ஓர் உயிரும் இனி இதில் ஏறாது. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. நீங்கள் கேட்காத வாக்கு.

இவ்வளவு கோபத்துக்குப் பிறகும் அழுகை வருகிறது. அதற்கும் சேர்த்து உங்கள் மேல் கோபம்.

உங்கள் பெயரை இன்னும் தன் பெயருக்கு முன்னால் எழுதுகிற,
உங்கள் ஒரே மகள்

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை பெரட்டு நேரத்தில், தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடி நிற்கும்போது, பின்பக்கமாகவே மலை ஏறினேன். லொறி இறங்கும் திசையைப் பார்த்தே நின்றது. அங்கம்மா வந்து பின்கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள். ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைத் தூக்கி ஏற்றினாள், தானும் ஏறினாள். கருப்பையா கடைசியாக ஏறினார்.

சித்தப்பா பாதைக்குக் குறுக்கே வந்து நின்றார். "பாப்பா, எறங்கு கீழ."

"தள்ளி நில்லுங்க சித்தப்பா. பிரேக் பட்டி தேஞ்சு போச்சு."

தள்ளி நின்றார்.

பசறை ஓடையில் நிறுத்தினேன். பின்கதவு திறந்தேதான் இருந்தது. ஐந்து பேரும் இறங்கிக் குடித்தார்கள். பிறகு வாளியை வாங்கிச் சக்கரங்களுக்கு ஊற்றினேன்.